இருநூறில் பிறந்த பேரெண்

பெரியதாக இருப்பதனாலேயே ஓர் எண் சிறப்புப் பெறுவதில்லை. ஆனால் 39,72,99,90,29,388 என்னும் பதின்மூன்று இலக்க எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் நம்மவர் ஒருவருக்கும் பங்குண்டு.

நான்கு ரூபாயை முழு ரூபாய்களாக எத்தனை விதமாகக் கூறிடலாம்? நான்காகவே வைக்கலாம், மூன்றும் ஒன்றுமாக, இரண்டும் இரண்டுமாக, இரண்டும் ஒன்றும் ஒன்றுமாக, நான்கு ஒன்றுகளாகப் பிரிக்கலாம். ஆக ஐந்து விதங்கள். பத்துக்கு 42 விதங்கள்; நூறுக்கு 19,05,69,292. இருநூறுக்கோ, நாம் முதலிற் கூறிய எண். நொடிக்கு ஒன்றாக எண்ணினால் முடிக்க ஒரு லட்சத்து இருபத்தையாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும்!

இதனைக் கையாலேயே கணக்கிட்டவர் மேஜர் மக்மஹோன். இளமையில் இந்தியாவில் பீரங்கிப் படை அதிகாரியாகப் பணியாற்றியவர். ஆய்லர் வகுத்த விதியின்படி, முந்தைய எண்களின் விடைகளைக் கூட்டியும் கழித்தும் அடுத்த விடையைப் பெற்று, இருநூறு வரை அட்டவணை அமைத்தார். இடையில் ஓரிடத்தில் பிழை நேர்ந்தால் அது பின்வரும் விடைகளையும் கெடுத்துவிடும்.

சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்த சீனிவாச இராமானுஜன் 1914இல் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே ஹார்டியுடன் சேர்ந்து, படிப்படியாக எண்ணாமல் நேரே விடை தரும் சூத்திரம் ஒன்றைக் கண்டார். வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமும் வர்க்கமூலங்களும் அதில் நிறைந்திருந்தன. முழு எண்களைக் கூறிடும் கணக்கில் இவற்றுக்கு என்ன வேலை என்று நாம் வியக்கலாம். ஐயத்தைத் தீர்க்க மக்மஹோனின் எண்ணே உரைகல் ஆயிற்று.

சூத்திரத்தின் முதல் உறுப்பு மட்டும் தந்த விடை உண்மைக்குச் சுமார் 36 ஆயிரம் குறைந்திருந்தது. இரண்டாவது உறுப்பைச் சேர்த்ததும் வேறுபாடு நூற்றுக்குள் வந்தது. எட்டு உறுப்புகளையும் கூட்டியபோது கிடைத்தது 39,72,99,90,29,388.004. எஞ்சிய வேறுபாடு ஆயிரத்தில் நான்கு பங்கே! இந்த ஆராய்ச்சி 1918இல் வெளியாயிற்று. முற்றும் துல்லியமான சூத்திரத்தை ராடமாக்கர் 1937இல் அளித்தார்.

மக்மஹோனின் அட்டவணை இராமானுஜனுக்கு வேறொன்றையும் காட்டியது. 4, 9, 14 என 4இலோ 9இலோ முடியும் எண்களுக்குரிய விடைகள் 5, 30, 135 என்று எப்போதும் ஐந்தால் வகுபடுகின்றன. இதனை அவர் கண்டதோடு நில்லாமல் நிறுவியும் காட்டினார்.

1919இல் தாயகம் திரும்பிய இராமானுஜன் மறு ஆண்டு சென்னையில், தம் 32ஆம் வயதில் மறைந்தார். ஒருவர் பொறுமையோடு நடந்து சேர்ந்த இடத்தை, மற்றவர் நுண்ணறிவால் வேறு வழியில் வந்தடைந்தார். மக்மஹோனின் உழைப்பு இல்லையேல் அந்தச் சூத்திரத்தை அன்று சோதித்தறிய வழி இருந்திராது. இராமானுஜனின் மேதைமையைப் போற்றும் நாம், அந்த உழைப்பாளியையும் நன்றியோடு நினைத்தல் தகும்.