சர்டிபிகேட் புதுசு, ஆனா "காலாவதி"ன்னு எரர்: 2021 செப்டம்பர் 30-ல் நடந்தது என்ன?

சொந்தமா வெப் சர்வர் வச்சு நடத்துறவங்களுக்கான இழை இது. டாக்டருக்கு எதுக்கு இந்த வேலைன்னு கேட்பீங்க. நைட் ட்யூட்டி போக மிச்ச நேரத்துல சர்வர் நோண்டுறதும் ஒரு வியாதிதான்.

2021 செப்டம்பர் 30. நம்ம நேரப்படி இரவு 7.31 மணி.

டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற மூலச் சான்றிதழ் அந்த நிமிஷம் காலாவதி ஆனது. ஐடென்ட்ரஸ்ட் நிறுவனத்துடையது. 2000-ல் பிறந்து 21 வருஷம் வாழ்ந்தது.

அதுக்கப்புறம் பல பழைய சர்வர்கள்ல ஒரே எரர்: "சர்டிபிகேட் காலாவதி". எடுத்துப் பார்த்தா சர்டிபிகேட்டுக்கு இன்னும் நாள் பாக்கி இருக்கு. பிரவுசர்ல தளம் நல்லா திறக்குது. ஒரு சர்வர் இன்னொரு சர்வரோட பேசும்போது மட்டும் மக்கர்.

இந்த நேரத்துல திரும்பத் திரும்பப் புதுப்பிச்சா பலன் இல்லை. அதே பெயர்களுக்கு வாரத்துக்கு 5 சர்டிபிகேட்தான் கிடைக்கும், அதுக்கு மேல கதவு சாத்திடும்.

சரி, காரணம் என்ன? ஹிஸ்டரி எடுப்போம்.

லெட்ஸ் என்க்ரிப்ட் 2015 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தது. இலவசம், 90 நாள் ஆயுள். காசு இல்லாத சின்னத் தளங்களுக்கும் பூட்டுக் குறி வந்ததுக்கு இவங்கதான் பெரிய காரணம்.

ஆனா புதுசா வந்தவங்களை யார் நம்புவா? அவங்களோட சொந்த ரூட், ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1, அப்போ எந்த போனிலும் கிடையாது. அதனால ஏற்கனவே எல்லா இடத்திலும் இருந்த ஐடென்ட்ரஸ்ட் ரூட் ஜாமீன் கையெழுத்து போட்டது.

அந்த ஜாமீன்தாரருக்கு வயசு முடியப்போகுது. ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய போன்களுக்கோ புது ரூட்டைத் தெரியாது. 2020 கடைசியில ஆண்ட்ராய்டு போன்கள்ல சுமார் மூன்றில் ஒன்று அந்த வகை. வாங்கிய போனை வருஷக்கணக்கா ஓட்டும் ஏழை வீட்டுப் போன்கள்தான் அதிகம் மாட்டும்.

அப்போ ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. ஆண்ட்ராய்டு தன் நம்பிக்கைப் பட்டியல்ல இருக்கும் ரூட்டோட காலாவதித் தேதியைப் பார்க்கிறதே இல்லை! அதனால அதே பழைய ரூட்டிடம் 2024 வரை செல்லும் புதுக் கையெழுத்து வாங்கி, அதையும் சங்கிலியில் சேர்த்தாங்க. போன்கள் பிழைச்சது. என் கண்ணுக்கு அது சரியான முடிவுதான்.

ஆனா எந்த மருந்துக்கும் பக்கவிளைவு உண்டுல்ல?

ஓபன்எஸ்எஸ்எல் 1.0.2 (உபுண்டு 16.04, சென்ட்ஓஎஸ் 7-ல் இருந்தது) ஒரு பிடிவாதக்காரன். புது ரூட் தன் கையிலேயே இருந்தாலும் அங்கே நிற்காது. எதிர்ப்பக்கம் கொடுத்த சங்கிலியைக் கடைசி வரை பிடிச்சுட்டுப் போகும். அங்கே செத்துப்போன ரூட். உடனே "காலாவதி". 1.1.0-ல் இந்தக் குணத்தை மாத்திட்டாங்க.

சிகிச்சை என்ன தெரியுமா? எரர் காட்டும் மெஷின்ல, புது ரூட் இருக்கான்னு உறுதி பண்ணிட்டு, பழைய ரூட்டைப் பட்டியல்ல இருந்து வெட்டி எடுக்கணும். வழி அடைபட்டதும் அது தானாகவே புது ரூட்டுக்குத் திரும்பிடும். நம்ம பாஷையில அப்பென்டிசெக்டமி!

இத்தனைக்கும் இது முதல் அட்டாக் இல்லை. 2020 மே 30-ல் ஆட்ட்ரஸ்ட் என்ற ரூட் காலாவதி ஆனப்பவும் இதே பழைய ஓபன்எஸ்எஸ்எல் இப்படியே படுத்தது. பதினாறு மாசம் அவகாசம் இருந்தும் பல சர்வர்கள் அப்படியே கிடந்தது.

இன்னைக்கும் பழைய மெஷின் வச்சிருந்து "காலாவதி"ன்னு வந்தா, உங்க சர்டிபிகேட்டை மட்டும் பார்க்காதீங்க. சங்கிலியில உள்ள ஒவ்வொண்ணோட தேதியையும் பாருங்க. அப்படியே மெஷினோட கடிகாரத்தையும். ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1-க்கு 2035 ஜூன் வரை ஆயுசு இருக்கு.