நெய்வேலி முதல் அனல்மின் நிலையம் (1962–2020): நீராவிச் சுழலியும் பற்றவைப்பும் – ஒரு பராமரிப்பு வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

நெய்வேலி முதல் அனல்மின் நிலையம் 1962 மே மாதத்தில் மின்னாக்கத்தைத் தொடங்கி, 2020 செப்டம்பர் 30 அன்று ஓய்வு பெற்றது. இந்நிலையத்தைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் அதன் தோற்றத்தையும் திறனையும் பேசுகின்றன. நீராவிச் சுழலியின் அமைப்பு, இயக்கம், பராமரிப்பு ஆகியவற்றையும் அவற்றோடு பிணைந்த பற்றவைப்புத் தொழிலையும் முன்வைத்து, அந்த 58 ஆண்டுகளைப் பராமரிப்பின் வரலாறாக இக்கட்டுரை வாசிக்கிறது. ஒரு மின்நிலையத்தின் ஆயுளைத் திறப்பு விழாக் கல்வெட்டு தீர்மானிப்பதில்லை. பழுது பார்க்கும் உழைப்பே தீர்மானிக்கிறது என்பது இதன் கருத்து.

திறவுச் சொற்கள்: நெய்வேலி, பழுப்பு நிலக்கரி, நீராவிச் சுழலி, பற்றவைப்பு, பராமரிப்பு, ஆயுள் நீட்டிப்பு

முன்னுரை

தமிழகத் தொழில்வரலாற்று ஆய்வுகளில் தொடக்கங்களுக்குத் தரப்படும் இடம் தொடர்ச்சிகளுக்குத் தரப்படுவதில்லை. ஆலை எப்போது நிறுவப்பட்டது, யார் அடிக்கல் நாட்டினார், எந்நாடு தொழில்நுட்பம் தந்தது என்னும் வினாக்களுக்கு விடை எளிதில் கிடைக்கிறது. அந்த ஆலை மறுநாளும் மறு ஆண்டும் எவ்வாறு ஓடியது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. நிறுவுதல் ஒருமுறை நிகழ்வது. பராமரித்தல் நாள்தோறும் நிகழ்வது. நாள்தோறும் நிகழ்வது ஆவணத்தில் குறைவாகவே பதிவாகிறது. இக்குறையை உணர்த்தும் தக்க சான்றாக நெய்வேலி முதல் அனல்மின் நிலையம் அமைகிறது.

நீர்மின்சாரத்திலிருந்து அனல்மின்சாரத்திற்கு

விடுதலைக்கு முன் சென்னை மாகாணத்தின் மின்னாக்கம் பெரிதும் அருவிகளையும் அணைகளையும் சார்ந்திருந்தது. பைகாரா (1932), மேட்டூர் (1937), பாபநாசம் (1944) ஆகிய நீர்மின் திட்டங்கள் அடுத்தடுத்துச் செயற்பட்டன. பாபநாசம் மின்சாரம் தென்மாவட்டங்களின் தொழில்வளர்ச்சிக்குத் துணைநின்றது. எனினும் நீர்மின்சாரம் பருவமழைக்குக் கட்டுப்பட்டது. மழை பொய்த்த ஆண்டில் வயலோடு சேர்ந்து தறியும் வாடும் நிலை இருந்தது. இராசபாளையத்து நூற்பாலைகள், சத்திரப்பட்டியின் மருத்துவத்துணி விசைத்தறிகள், திருவில்லிபுத்தூர், சுந்தரபாண்டியம் வட்டாரத்துக் கிணற்றுப் பாசன மின்மோட்டார்கள் என மின்தேவை பெருகப் பெருக, மழையை நம்பாத மின்னாக்கம் இன்றியமையாததாயிற்று.

அதற்கு வழிவகுத்தது தென்னார்க்காட்டு மண்ணுக்கடியில் கிடைத்த பழுப்பு நிலக்கரி. நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956 நவம்பர் 14 அன்று தோற்றுவிக்கப்பட்டது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் கரிப்படிவம் வெளிப்பட்டது. பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம். அதனைத் தொலைவுக்குக் கொண்டுசெல்வது நீரைச் சுமப்பதற்கு ஒப்பாகும். குவித்து வைத்தால் தானே தீப்பற்றும் இயல்பும் அதற்கு உண்டு. எனவே சுரங்க வாயிலிலேயே மின்நிலையம் அமைப்பது தெரிவாக அன்றித் தேவையாகவே இருந்தது. சோவியத் ஒன்றியத்தின் ஒத்துழைப்புடன் 50 மெகாவாட் அலகுகள் ஆறும் 100 மெகாவாட் அலகுகள் மூன்றும் நிறுவப்பட்டன. முதல் அலகு 1962 மே மாதத்திலும் கடைசி அலகு 1970 செப்டம்பரிலும் மின்தொகுப்பில் இணைந்தன. மொத்தத் திறன் 600 மெகாவாட். சுரங்கத் தேவை போக எஞ்சிய மின்சாரம் முழுவதையும் தமிழ்நாடு மின்சார வாரியமே பெற்றது.

நீராவிச் சுழலி: அமைப்பும் இயக்கமும்

பராமரிப்பின் தன்மையை அறிய, பராமரிக்கப்படும் பொருளை அறிதல் வேண்டும். 1884இல் இங்கிலாந்தில் சார்லஸ் பார்சன்சு உருவாக்கிய நீராவிச் சுழலி, நீராவியின் விரிவாற்றலைப் படிப்படியாகச் சுழற்சியாக மாற்றும் பொறி. இதனைத் தொழிலாளர் 'டர்பைன்' என்றே வழங்குவர். உயரழுத்த நீராவி முதலில் நிலையாகப் பொருத்தப்பட்ட அலகுகளின் வழியே பாய்ந்து வேகம் பெறுகிறது. பின்னர்ச் சுழல்தண்டில் பொருத்தப்பட்ட அலகுகளைத் தள்ளுகிறது. இவ்வாறு பல கட்டங்களைக் கடக்கும்போது அதன் அழுத்தம் குறைந்து பருமன் பெருகுவதால், பின்வரிசை அலகுகள் முன்வரிசையினும் நீளமாக அமைகின்றன. இறுதியில் நீராவி, ஏறத்தாழ வெற்றிடமாக வைக்கப்பட்ட குளிர்கலத்தில் மீண்டும் நீராகிறது. குளிர்கலத்தில் வெற்றிடம் குறைந்தால் அதே அளவு கரிக்குக் கிடைக்கும் மின்சாரமும் குறையும்.

இந்திய மின்தொகுப்பின் அலைவெண் 50 ஹெர்ட்சு ஆதலின், மின்னாக்கியோடு நேரே பிணைக்கப்பட்ட பெருஞ்சுழலிகள் பொதுவாக நிமிடத்திற்கு 3,000 முறை சுழல்கின்றன. வேகம் ஏறத்தாழப் பத்து விழுக்காடு மிகுந்தால் நீராவியைத் தானே அடைக்கும் காப்பமைப்பு செயற்பட வேண்டும். டன் கணக்கில் எடையுள்ள தண்டைத் தாங்குவது தாங்கிகளில் பரவும் மெல்லிய எண்ணெய்ப் படலமே. எண்ணெய் அழுத்தம் அற்றுப்போனால் தாங்கியின் வெள்ளை உலோகப் பூச்சு சில நொடிகளில் உருகிவிடும். இதனால்தான் நிலையம் முழுவதும் மின்சாரம் இழந்தாலும் மின்கல அடுக்கால் இயங்கும் அவசர எண்ணெய்ப் பம்பு ஒன்று தனியே வைக்கப்படுகிறது.

சுழலியை ஓட்டுவதைவிட அதனைத் தொடங்குவதும் நிறுத்துவதுமே நுட்பமானவை. குளிர்ந்த எந்திரத்தில் சூடான நீராவியைத் திடீரெனச் செலுத்தினால், மெல்லிய பகுதி விரைந்தும் தடித்த பகுதி தாமதித்தும் விரியும். தண்டுக்கும் உறைக்கும் இடையேயுள்ள இடைவெளி மில்லிமீட்டர் அளவினது. விரிவு வேறுபட்டால் அலகுகள் உரசும். ஆகவே படிப்படியாகச் சூடேற்றி வேகம் கூட்டுவர். தண்டு அதிரும் குறிப்பிட்ட வேகங்களில் தங்காமல் விரைந்து கடப்பர். நிறுத்திய பின்னும் பணி முடிவதில்லை. சூடான தண்டு அசைவற்றுக் கிடந்தால், மேற்புறமும் கீழ்ப்புறமும் சமமின்றிக் குளிர்ந்து வளைந்துவிடும். 'பாரிங் கியர்' என்னும் அமைப்பால் பல மணி நேரம் அதனை மெல்லச் சுற்றிக்கொண்டே இருத்தல் வேண்டும். சுழலி ஓடாதபோதும் ஆள் தேவைப்படுவது இதனால்தான்.

தேய்வின் இலக்கணம்

சுழலியும் கொதிகலனும் முதுமையடையும் வழிகள் பல. நீரில் கலந்த மணற்சத்தும் உப்பும் நீராவியோடு வந்து அலகுகளில் படிந்து பாதையைக் குறுக்குகின்றன. கடைசி வரிசைகளில் நீராவி ஈரமடைந்து, நீர்த்துளிகள் அலகு விளிம்பை அரிக்கின்றன. கொதிகலனில் சாம்பல் கலந்த புகை குழாய்ச் சுவரைத் தேய்க்கிறது. இவற்றுள் கண்ணுக்குப் புலப்படாததும் பேரிடருக்கு வழிவகுப்பதும் 'கிரீப்' எனப்படும் தன்மை. உயர்வெப்பத்தில் நெடுங்காலம் அழுத்தத்தைத் தாங்கும் எஃகு மெல்ல மெல்ல நீண்டு, தன்னுள் நுண்துளைகளைப் பெற்று, ஒருநாள் பிளக்கும்.

இந்தியக் கொதிகலன் சட்டத்தின் (1923) வழிவந்த 1950ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், பிற்காலத் திருத்தங்களின்படி, கிரீப் எல்லையில் இயங்கும் பாகங்களுக்கு 1,00,000 மணி நேர இயக்கத்திற்குப் பின் எஞ்சிய ஆயுளை ஆய்ந்தறிய வேண்டும் என வரையறுக்கின்றன. ஆண்டுக்கு 7,000 மணி நேரம் ஓடும் அலகு இவ்வெல்லையை ஏறத்தாழ 14 ஆண்டுகளில் தொடும். அரை நூற்றாண்டு ஓடினால் 3,50,000 மணி நேரத்தை அடையும். இக்கணக்கின்படி, 1962இல் தொடங்கிய ஓர் அலகு 1970களின் பிற்பகுதியிலேயே கேள்விக்குரிய வயதை எட்டியிருக்கும். ஆகவே நிலையத்தின் பிற்கால மின்னாக்கம் முழுவதையும், சோதித்தும் மாற்றியும் பெறப்பட்ட ஆயுளாகவே கருத வேண்டும்.

பற்றவைப்பு: வெப்பமும் பொறுமையும்

இவ்வாறு ஆயுள் பெறுவதில் பற்றவைப்புக்கு முதன்மையான இடம் உண்டு. கொதிகலன் என்பது பல கிலோமீட்டர் நீளக் குழாய்களை ஆயிரக்கணக்கான இணைப்புகளால் ஒன்றாக்கிய அமைப்பு. குழாயில் ஓரிடத்தில் கசிவு ஏற்பட்டால் அலகு முழுவதும் நிற்கும். பழுதுற்ற துண்டை அறுத்தெடுத்துப் புதுத்துண்டை இணைத்தால்தான் மீண்டும் மின்சாரம்.

குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகைப் பற்றவைப்பது சாளரக் கம்பியைப் பற்றவைப்பது போன்றதன்று. குழாய் முனைகளைச் சரிவாகச் சீவி, துருவும் எண்ணெயும் நீக்கி, நேர்கோட்டில் நிறுத்துவர். பின் முனைகளை முன்கூட்டியே சூடாக்குவர். அடிப்படலத்தை ஆர்கான் வாயுக் காப்பில் 'டிக்' முறையிலும், மேற்படலங்களைப் பூச்சுள்ள மின்முனையைக் கொண்டு மின்வில் முறையிலும் இடுவது பெருவழக்கு. 'ராடு' எனத் தொழிலாளர் வழங்கும் அம்மின்முனை காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருந்தால், ஈரத்திலுள்ள ஐதரசன் இணைப்பில் புகும். பற்றவைத்துச் சில மணி நேரம் கழித்து, எல்லாம் நன்றென்று எண்ணிய வேளையில், விரிசல் தோன்றும். எனவே ராடுகளை அடுப்பில் உலர்த்தி, சூடு ஆறாமல் சிறு பெட்டியில் வைத்தே எடுத்துச் செல்வர். பற்றவைத்த பின் இணைப்பை மீண்டும் சூடேற்றி மெல்ல ஆறவிடுதல் உள்ளழுத்தத்தைத் தணிக்கும். பின்னர்க் கதிர்ப்படம் எடுத்துக் குறை தேடுவர். இணைப்பைக் காட்டிலும் அதனை ஒட்டிய, வெப்பத்தால் இயல்பு மாறிய பகுதியே பிற்காலத்தில் கிரீப் விரிசலுக்கு இடந்தருவது. பற்றவைப்பின் தரம் பல ஆண்டுகள் கழித்தே முழுமையாக வெளிப்படுகிறது.

சுழலியில் பற்றவைப்புக்கு இடம் குறைவு, எச்சரிக்கை மிகுதி. வேகமாகச் சுழலும் தண்டில் சிறு உள்ளழுத்தமும் விரிசலாக வளரும் என்பதால் அதனைத் தொடத் தயங்குவர். நீராவிக் குழாய்கள், அடைப்பான்கள், உறையில் தோன்றும் விரிசல்கள் ஆகியவற்றில் வரையறுத்த முறைப்படியே பழுது நீக்குவர். கொதிகலன் ஒழுங்குமுறைகளின்படி தேர்வில் வென்று சான்று பெற்றவரே உயரழுத்தப் பாகங்களில் பற்றவைக்கலாம். அச்சான்று காலவரையறை உடையது, புதுப்பிக்கப்பட வேண்டியது. கைத்திறனைச் சட்டமே தேர்வு வைத்து அளக்கும் தொழில்கள் மிகச் சிலவே.

இத்திறன் தமிழகத்தில் நிறுவன வடிவம் பெற்றது திருச்சிராப்பள்ளியில். செக்கோசுலோவாக்கிய ஒத்துழைப்புடன் அமைந்த உயரழுத்தக் கொதிகலன் ஆலை 1965இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதே 'பெல்' நிறுவன வளாகத்தில், ஐக்கிய நாடுகள் அமைப்பின் உதவியுடன் 1975இல் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் உருவானது. பட்டறையில் கைமாறி வந்த தொழில், ஆய்வுக்கும் பாடத்திட்டத்திற்கும் உரிய துறையாக மாறியதன் அடையாளம் இது.

ஆயுள் நீட்டிப்பு: 1992–2020

நெய்வேலி நிலையத்தின் உயரழுத்தப் பாகங்கள் முதுமையடைந்ததால், 1992 மார்ச்சில் நடுவண் அரசு ஆயுள் நீட்டிப்புத் திட்டத்திற்கு ஒப்புதல் தந்தது. அப்போது முதல் அலகுக்கு வயது 30. கடைசி அலகுக்கு 22. இப்பணி 1999 மார்ச்சில் நிறைவுற்றது. இதனால் மேலும் 15 ஆண்டுகள், அதாவது 2014 வரை, நிலையம் இயங்கலாம் எனக் கொள்ளப்பட்டது. நிறுவுவதற்கு எட்டாண்டுகள் பிடித்த நிலையத்தைப் புதுப்பிக்க ஏழாண்டுகள் பிடித்தன என்பது நோக்கத்தக்கது. பராமரிப்பு, அளவில் நிறுவுதலுக்கு நிகரான முயற்சியாக வளர்ந்ததை இவ்வொப்பீடு காட்டுகிறது.

பழைய நிலையத்திற்கு மாற்றாக 2×500 மெகாவாட் புதிய நிலையத்திற்கு 2011 ஜூனில் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் அதன் முதல் அலகு 2019 டிசம்பரில்தான் செயற்பாட்டுக்கு வந்தது. 2014க்கும் 2020க்கும் இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில், எஞ்சிய ஆயுள் ஆய்வுகளின் அடிப்படையில் பழைய நிலையமே ஓடியது. அத்தகைய ஆய்வில், குழாயின் மேற்பரப்பை மெருகேற்றி, மெல்லிய படலத்தை ஒட்டி எடுத்து, அதில் பதிந்த உலோக நுண்ணமைப்பை நுண்நோக்கியில் காண்பர். நுண்துளைகள் தனித்தனியே உள்ளனவா, வரிசையாகச் சேர்ந்துள்ளனவா என்பதைக் கொண்டு பாகத்தின் எதிர்காலம் கணிக்கப்படும். புதிய நிலையத்தின் தாமதத்தை ஈடுசெய்தது, இறுதியில், பழைய நிலையத்தின் பராமரிப்பே.

இவ்வீட்டுக்கு எல்லை உண்டு என்பதையும் வரலாறு சுட்டுகிறது. 2020 மே 7, ஜூலை 1 ஆகிய நாள்களில் நெய்வேலியின் இரண்டாம் அனல்மின் நிலையக் கொதிகலன்களில் விபத்துகள் நேர்ந்தன. தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். ஒப்பந்தத் தொழிலாளரும் அவர்களுள் அடங்குவர். அவ்விபத்துகள் வேறொரு நிலையத்தில் நிகழ்ந்தவை; ஆயினும் கொதிகலனருகே பணிபுரிவோர் நாள்தோறும் ஏற்கும் இடரை அவை வெளிப்படுத்தின. அவ்வாண்டு செப்டம்பர் 30 அன்று முதல் நிலையம் தன் இயக்கத்தை முடித்துக்கொண்டது.

முடிவுரை

நெய்வேலி முதல் அனல்மின் நிலையத்தின் காலத்தை நிறுவல் (1962–1970), முதிர்வு (1970–1992), ஆயுள் நீட்டிப்பு (1992–1999), நீட்டிக்கப்பட்ட ஆயுள் (1999–2014), கண்காணிப்பில் ஓடிய ஆயுள் (2014–2020) என ஐந்தாகப் பகுக்கலாம். இவற்றுள் முதற்பகுதி மட்டுமே வழக்கமான தொழில்வரலாற்றில் இடம்பெறுகிறது. எஞ்சிய ஐம்பது ஆண்டுகள், பாரிங் கியரைக் காத்துநின்றவர்கள், ராடுகளை உலர்த்தியவர்கள், கதிர்ப்படத்தில் குறை தேடியவர்கள் ஆகியோரின் காலம். அவர்களின் பணிப்பதிவேடுகள், பழுதுக் குறிப்பேடுகள், பற்றவைப்பாளர் சான்றுகள் ஆகியவை ஆவணக்காப்பகத்திற்குரிய மூலங்களாகக் கருதப்பட வேண்டும். நிலையம் மூடப்படும்போது எந்திரங்கள் பழைய இரும்பாக விற்கப்படுகின்றன. அவற்றோடு பதிவேடுகளும் கழிக்கப்பட்டால் மீட்க வழியில்லை. ஓய்வு பெற்ற தொழிலாளர்களிடமிருந்து வாய்மொழி வரலாற்றைத் திரட்டுதலும், அவர்கள் வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுத்தலும் தமிழாய்வின் உடனடிப் பணிகளாகும்.