சென்னைக் கடற்கரையின் மணல் வரலாறு

நம் சங்கத்துக் குடும்பத்தினர் சென்னைக்கு வருங்கால், கோயில்களைத் தரிசித்த பின்னர் மாலையில் தவறாது செல்லும் இடம் மெரீனாக் கடற்கரையாகும். சிறுவர் அலையிற் கால் நனைப்பர். பெரியோர் சுண்டல் வாங்கிக்கொண்டு மணலில் அமர்ந்து காற்று வாங்குவர். ஆயினும் அம்மணல் ஆங்கு வந்த வரலாற்றை அறிந்தோர் சிலரே. சென்ற மாசித் திங்களில் யான் மாணாக்கர் சிலரை அங்கு அழைத்துச் சென்றபோது, திருவொற்றியூரிலிருந்து வந்து பயிலும் சிறுவன் ஒருவன், "ஐயா, இங்கே இவ்வளவு மணல் இருக்கிறதே, எங்கள் ஊர்க் கரை மட்டும் ஏன் கல்லாய்க் கிடக்கிறது? எங்கள் பாட்டி வீடு இருந்த இடத்தில் இப்போது கடல்தான் இருக்கிறது" என்றான். அவன் வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

இக்கரையிலுள்ள ஊர்கள் மிகப் பழமையானவை. திருவல்லிக்கேணி ஆழ்வார்களாற் பாடப்பெற்றது. அத்திருக்கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டும் உளது. மயிலாப்பூர்க் கரையில் 16-ஆம் நூற்றாண்டிலேயே போர்த்துகீசியர் குடியேறினர். 1639-இல் ஆங்கிலக் கம்பெனியார் வடபால் நிலம் பெற்று, அடுத்த ஆண்டு கோட்டை கட்டத் தொடங்கினர். ஊர்கள் பழையனவாயினும், இன்று நாம் காணும் பரந்த மணல்வெளி அக்காலத்தில் இல்லை. கடல் கோட்டைக்கு அணித்தாகவே அலைவீசிக் கொண்டிருந்தது.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு அப்பால் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் அலைகடந்து கரைசேர்ப்பன மசூலாப் படகுகள். அவற்றின் பலகைகள் ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்டவை. ஆதலின் அலை மோதும்போது பிளவாது நெகிழ்ந்து கொடுக்கும். நீரில் வீழ்ந்தோரை எடுக்கக் கட்டுமரங்கள் உடன் செல்லும். பெருவணிக நகரமொன்று இருநூறாண்டுக்கு மேலாக இக்கரையோர மக்களின் தோள்வலியையும் கடலறிவையும் நம்பி வாழ்ந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

இவ்விடர் நீங்கவே 1876-இல் துறைமுக வேலை தொடங்கிற்று. கடலினுள் இரு கற்சுவர்களைக் கைகளைப்போல் நீட்டினர். 1881-இல் வீசிய புயல் அவற்றைச் சிதைத்தது. மீண்டும் கட்டி 1896-இல் முடித்தனர். இதனிடையே விளைந்ததுதான் வியப்பு. நம் கீழைக்கடலில், தென்மேற்குக் காற்று வீசும் திங்கள்களில் அலைகள் கரைமணலை வடக்கு நோக்கித் தள்ளும். வாடைக்காலத்தில் தெற்கு நோக்கித் தள்ளும். இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே செல்வதே மிகுதி. அங்ஙனம் சென்ற மணலைத் துறைமுகச் சுவர் தடுத்தது. தடுக்கப்பட்ட மணல் தென்புறத்தே ஆண்டுதோறும் குவிந்து, கடலைக் கிழக்கே ஒதுக்கியது. 1881 முதல் 1886 வரை கவர்னராயிருந்த கிராண்ட் டப் என்பார் அக்கரையோரம் உலாவுதற்குரிய சாலை அமைத்து, இத்தாலிய மொழியில் வழங்கும் 'மெரீனா' என்னும் பெயரை இட்டனர்.

புதிதாய்ப் பிறந்த அம்மணல் மக்கள் மன்றமும் ஆயிற்று. விடுதலைப் போர்க் காலத்தில் கூட்டங்கள் பல அங்கு நிகழ்ந்தன. மீனவர் குடியிற் பிறந்த சிங்காரவேலர் 1923 மே 1-ஆம் நாள் தொழிலாளர் திருநாளை இக்கடற்கரையிலேயே கொண்டாடினர். இந்தியாவில் அதுவே முதலாவது என்பர். 1959-இல் நிறுவப்பெற்ற உழைப்பாளர் சிலையும் அங்கேயே நிற்கின்றது.

இனி அச்சிறுவனது வினாவிற்கு வருவோம். தெற்கே தங்கிய மணல் வடக்கே போய்ச் சேர வேண்டியதன்றோ? வரவு நின்றது, ஆனால் அலையின் கவர்ச்சி நிற்கவில்லை. இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரையும் அதற்கு அப்பாலும் கடல் நிலத்தை அரித்து உட்புகுந்தது. மீனவர் வலை உலர்த்திய மணலும், கட்டுமரம் ஏற்றிய இடமும், வீடும் தெருவும் நீரிற் போயின. அரிப்பைத் தடுக்கப் பாறைகளைக் கொட்டிச் சுவர் எழுப்பினர். ஓரிடத்தைப் பாறை காத்தால், அதற்கு வடக்கே உள்ள இடம் அரிக்கப்படுதலும் உண்டு. அவன் கண்ட கல் இதுவே.

நெய்தல் நிலத்திற்கு உரிப்பொருள் இரங்கல் என்று நம் இலக்கணம் வகுத்தது. தலைவனைப் பிரிந்த தலைவியின் இரக்கமே அது என மாணாக்கர்க்கு இத்துணை நாளும் கற்பித்து வந்தேன். நிலத்தையே பிரிந்த ஒரு முதியவளின் இரக்கமும் அதனுள் அடங்கும் என்பதை அச்சிறுவன் எனக்குக் கற்பித்தான்.

துறைமுகம் வேண்டாவென்று யான் கூறவில்லை. அதனாற் பிழைப்போர் பல்லாயிரவர். ஒருவர்க்கு ஆக்கமாகிய செயல் பிறர்க்குக் கேடாகுமாயின், அக்கேட்டைக் கணக்கிட்டு ஈடுசெய்தலே அறம் என்பதே என் கருத்து. அன்பர்களே! அடுத்தமுறை மக்களுடன் மெரீனாவிற்குச் செல்லுங்கால், நீரோட்டம் வலிதாகலின் ஆழத்தில் இறங்க விடாதீர்கள். மறுநாள் ஒருபொழுது ஒதுக்கி, திருவொற்றியூர்த் திருக்கோயிலை வழிபட்டு, அவ்வூர்க் கரையையும் அவர்களுக்குக் காட்டுங்கள். இரண்டையும் கண்ட பிள்ளையே சென்னைக் கடற்கரையைக் கண்ட பிள்ளையாவான்.