மோட்டார் ஊர்தியும் நெருப்பும்

1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், ஜேர்மனியிலே பேர்த்தா பென்ஸ் என்னும் மாது, தம் கணவர் கார்ல் பென்ஸ் ஆக்கிய மூன்று சில்லு ஊர்தியிற் புதல்வர் இருவரையும் ஏற்றிக்கொண்டு, மன்ஹைம் நகரிலிருந்து போர்ஸ்ஹைம் நகருக்குப் பயணமானார். நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட அவ்வழியின் இடையிலே எரிபொருள் குறைந்தது. எரிபொருள் நிலையம் என்பது அக்காலத்தில் எங்கும் இல்லை. வீஸ்லொக் என்னும் சிற்றூரின் மருந்துக் கடையிலே, கறை போக்குதற்கென விற்கப்பட்ட இலேசான பெற்றோலிய வடிநீரை வாங்கி ஊற்றி அவர் பயணத்தைத் தொடர்ந்தார்.

அன்று மருந்துக் கடையிற் கிடைத்த அத்திரவத்தின் இனமே இன்று கோடிக்கணக்கான ஊர்திகளின் தாங்கிகளை நிறைக்கின்றது. அதன் அருகே அமர்ந்து நாள்தோறும் செல்வோர் அதனை அஞ்சுவதில்லை. ஆனால், மின்கலத்தால் ஓடும் ஊர்தியொன்று எங்கோ எரிந்ததெனில், அச்செய்தி கண்டம் விட்டுக் கண்டம் பரவுகின்றது. இவ்வச்சம் எத்துணை நியாயமானது என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்தல் பயனுடைத்து.

பெற்றோலும் ஒரு காலத்தில் அஞ்சப்பட்ட பொருளேயாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், அமெரிக்காவிற் பெற்றோலியம் வடித்தோர் நாடியது விளக்கெரிக்கும் மண்ணெண்ணெயையே. கூடவே கிடைத்த பெற்றோல் வேண்டாத துணைப்பொருளாய் இருந்தது. இலாபம் கருதி அது மண்ணெண்ணெயிற் கலக்கப்பட்டபோது விளக்குகள் வெடித்தன, வீடுகள் எரிந்தன, உயிர்கள் மாண்டன. ஆகவே மோட்டார் ஊர்தி தோன்றிய காலத்திற் பெற்றோலே எல்லார்க்கும் உகந்த எரிபொருளாய் இருந்ததெனக் கொள்ளுதல் தவறு. 1900ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆக்கப்பட்ட ஊர்திகளுள் 1,681 நீராவியாலும், 1,575 மின்சாரத்தாலும், 936 மாத்திரமே பெற்றோலாலும் இயங்கின. பின்னர்ப் பெற்றோல் வென்றமைக்குக் காரணம் அதன் தீ அடங்கியமை அன்று. 1901இல் டெக்சாசிற் பெருகிய எண்ணெய் வளமும், நெடுந்தூரம் செல்லும் ஆற்றலும், 1912இல் கடிலாக் ஊர்தியிற் பொருத்தப்பட்ட மின்தொடக்கியுமே அதனை அரியணை ஏற்றின. மக்கள் அதனோடு பழகினர். பழக்கம் அச்சத்தைத் தணித்தது.

எனினும் பழக்கத்தாற் பொருளின் இயல்பு மாறுவதில்லை. பெற்றோல், சுழியத்துக்குக் கீழே நாற்பது பாகைக் குளிரிலும் தீப்பற்றத்தக்க ஆவியை விடுவது. அவ்வாவி காற்றிலும் பாரமானதாகையாற் கீழே படிந்து பரவும். சிறு பொறியொன்றே அதற்குப் போதும். இவ்வியல்பை மறந்ததனால் விளைந்த கேட்டுக்கு, போர்ட் நிறுவனம் 1970இல் வெளியிட்ட பின்ரோ என்னும் சிற்றூர்தி சான்றாகும். அதன் தாங்கி பின்னச்சுக்குப் பின்னால் அமைந்திருந்தமையால், பின்னிருந்து மோதப்பட்டபோது அது நசுங்கித் துளைபட்டு எரிபொருளைச் சிந்தியது. கலிபோர்னியாவில் 1972இல் நிகழ்ந்த விபத்தொன்று தொடர்பான வழக்கிலே, 1978இல் யூரிமார் நிறுவனத்தின்மீது 12½ கோடி டொலரைத் தண்டமாக விதித்தனர். நீதிபதி அதனை 35 இலட்சமாகக் குறைத்தார். அவ்வாண்டிலேயே ஏறத்தாழ 15 இலட்சம் ஊர்திகள் திருத்தத்தின்பொருட்டுத் திரும்ப அழைக்கப்பட்டன. பெற்றோல் ஊர்தி இன்று ஓரளவு பாதுகாப்புடையதாயின், அப்பாதுகாப்பு இத்தகைய துயரங்களின் பின்னரே வாய்த்தது என்பது மறக்கற்பாலதன்று.

இனி, மின்கலத்தின் வரலாறும் நெருப்போடு தொடர்புடையதே. 1970களில் ஸ்ரான்லி விற்றிங்ஹாம் என்னும் அறிஞர், எக்சன் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் இலிதிய உலோகத்தைக் கொண்டு மின்கலம் ஆக்க முயன்றபோது, எழுந்த தீயை அணைக்கத் தீயணைப்புப் படையினர் பன்முறை வரவேண்டியதாயிற்று. 1989இல், கனடிய நிறுவனமொன்று ஆக்கிய இலிதிய உலோகக் கலங்கள் யப்பானிற் கைத்தொலைபேசிகளிலே தீப்பற்றியமையால் திரும்பப் பெறப்பட்டன. அக்கிரா யொஷினோ என்னும் யப்பானிய அறிஞர் தூய உலோகத்தை நீக்கிக் கரிப்பொருளைக் கொண்டு கலம் அமைத்தார். 1986இல் அதன்மேல் இரும்புத் துண்டொன்றை விழச்செய்து, அது தீப்பற்றாமையைக் கண்டார். இவ்வழியில் வந்த இலிதிய அயன் கலம் 1991இல் விற்பனைக்கு வந்தது. 2019இல் விற்றிங்ஹாம், குடினப், யொஷினோ ஆகிய மூவருக்கும் இரசாயனத்துக்கான நொபெல் பரிசு வழங்கப்பட்டது. நெருப்பை அடக்க முயன்றதனாலேயே இக்கலம் பிறந்தது எனல் மிகையாகாது.

ஆயினும் அந்நெருப்பு முற்றாக நீங்கிவிடவில்லை. கலத்தின் நேர், எதிர் முனைகளைப் பிரித்து நிற்பது மெல்லிய தகடொன்றேயாம். மோதலாலோ, ஆக்கக் குறையாலோ, மிகையாக மின்னேற்றியதாலோ அது கெடின், உட்குறுஞ்சுற்று உண்டாகி வெப்பம் எழும். வெப்பம் இரசாயனத் தாக்கத்தைத் தூண்ட, தாக்கம் மேலும் வெப்பத்தைப் பெருக்கும். ஒரு கலத்தின் தீ அடுத்த கலத்துக்குத் தாவும். கலத்தின் உள்ளிருக்கும் பொருள்களே ஒட்சிசனை விடுவிக்கக்கூடுமாகையால், காற்றைத் தடுத்து இத்தீயை அணைத்தல் அரிது. பெருமளவு நீரை நெடுநேரம் பாய்ச்சி வெப்பத்தைத் தணித்தலே வழி. அணைந்ததெனக் கருதப்பட்ட கலம் பல மணி நேரத்தின் பின்னும், சிலவேளை பல நாட்களின் பின்னும் மீண்டும் எரிவதுண்டு. பெற்றோல் தீயோ கணத்தில் எழுந்து பரவும். எரிபொருள் தீர்ந்ததும் ஓயும். இரண்டும் நெருப்பே எனினும் இயல்பால் வேறானவை.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது ஹைபிரிட் எனப்படும் கலப்பு ஊர்தி. தாங்கியும் மின்கலவடுக்கும் ஒருங்கே இருப்பதால், அதன் ஆபத்து இரட்டிப்பாகும் என்று பலர் கருதுவர். 1997இல் யப்பானில் வெளிவந்த ரொயோட்டா பிரியசின் கலங்களோ இலிதியக் கலங்கள் அல்ல. நீரை அடிப்படையாகக் கொண்ட காரக் கரைசலையுடைய நிக்கல் கலங்கள். 2018இல் அவ்வினத்தைச் சேர்ந்த ஊர்திகள் உட்படப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவற்றை அந்நிறுவனம் திரும்ப அழைத்தது. அதற்கும் காரணம் கலம் அன்று. மின்கம்பித் தொகுதியொன்று மூடியுடன் உராய்ந்து, உறை தேய்ந்து, குறுஞ்சுற்று உண்டாகக்கூடும் என்பதேயாம். மறுதலையாக, செவர்லே வோல்ற் என்னும் மின்னேற்றத்தக்க கலப்பு ஊர்தி, 2011 மே மாதத்தில் அமெரிக்க அரசின் மோதற் சோதனைக்கு உட்பட்டு, மூன்று வாரங்களின் பின் நின்ற இடத்திலேயே தீப்பற்றியது. ஆகவே கலப்பு ஊர்தி யாவற்றையும் ஒரே வகையில் அடக்கித் தீர்ப்புக் கூறுதல் பொருந்தாது.

அங்ஙனமாயின் எவ்வூர்தி மிகுதியாக எரிகின்றது? சுவீடன் நாட்டின் அவசரகால முகாமை நிறுவனம் 2022ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட கணக்கின்படி, மின்னூர்தி, கலப்பு ஊர்தி ஆகியவற்றுள் ஓரிலட்சத்துக்கு ஏறத்தாழ நான்கு எரிந்தன; எல்லா எரிபொருள் ஊர்திகளையும் சேர்த்து நோக்கின் ஓரிலட்சத்துக்கு 68 எரிந்தன. வேறுபாடு பெரிது. எனினும் இரண்டாவது தொகையில் வேண்டுமென்றே தீ வைக்கப்பட்டவையும் அடங்கும். மின்னூர்திகள் பெரும்பாலும் புதியவை, பெற்றோல் ஊர்திகளுட் பழையவை பல என்பதும் கருதற்பாலது. இவற்றைக் கழித்து நோக்கினும், மின்னூர்தியே மிகுதியாக எரிகின்றது என்னும் கூற்றுக்கு இக்கணக்கில் இடமில்லை.

இதற்கு மாறாக, கலப்பு ஊர்திகளே எல்லாவற்றிலும் மிகுதியாக எரிகின்றன என்னும் அமெரிக்கக் கணக்கொன்றும் உலகெங்கும் எடுத்தாளப்படுகின்றது. அது, வீதியிலுள்ள எல்லா வயது ஊர்திகளிலும் நிகழ்ந்த தீக்களை ஓராண்டின் புதிய விற்பனைத் தொகையால் வகுத்துப் பெறப்பட்டது. பாடசாலை முழுவதிலும் நோயுற்ற மாணவரின் தொகையை, அவ்வாண்டிற் புதிதாய்ச் சேர்ந்தோர் தொகையால் வகுத்து நோயின் வீதம் கூறுவதை இஃது ஒக்கும். எண் இருப்பதனாலேயே ஒரு கூற்று சான்றாகிவிடாது. அவ்வெண் எதனை எதனால் வகுத்துப் பெறப்பட்டது என்பதே வினாவாகும்.

வதந்தியும் சான்றாகாது என்பதற்கு அண்மைக்கால நிகழ்ச்சியொன்று தக்க உதாரணம். 2023 ஒக்டோபர் 10ஆம் நாள் இரவு, இங்கிலாந்தின் லூற்றன் விமான நிலையத் தரிப்பிடமொன்றிற் பெருந்தீ மூண்டு, ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்திகள் அழிந்தன. கட்டடமும் ஒரு பகுதி இடிந்தது. தீயின் காரணம் மின்னூர்தியே என உடனே பலர் பரப்பினர். தீயணைப்புப் பகுதியினரோ, தீ ஒரு டீசல் ஊர்தியில் தொடங்கியதென அறிவித்தனர். அறிவிப்பு வருமுன்னரே வதந்தி ஊரைச் சுற்றிவிட்டது.

ஆயின் இதனைக் கொண்டு மின்னூர்தியிற் கவலையே வேண்டா எனக் கூறுதலும் மற்றொரு பிழையாகும். 2024 ஆகஸ்ட் முதலாம் நாள், தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில், தொடர்மாடி வீடுகளின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் நிறுத்தப்பட்டிருந்த மின்னூர்தியொன்று, மின்னேற்றப்படாத வேளையிலேயே தீப்பற்றியது. எண்பதுக்கு மேற்பட்ட ஊர்திகள் எரிந்தன. நூற்றுக்கணக்கானவை கரியாற் பழுதுற்றன. தீயை அணைக்க எட்டு மணி நேரம் சென்றது. தானியங்கி நீர்தூவியை ஊழியர் ஒருவர் நிறுத்திவிட்டமையும் அழிவைப் பெருக்கியது. அதன்பின்னரே கலங்களை ஆக்கியோர் பெயரை வெளியிடுமாறு அந்நாட்டு அரசு ஊர்தி நிறுவனங்களைக் கேட்டது. எத்தனை முறை எரிகின்றது என்பது ஒரு வினா. எரிந்தால் யாது விளையும் என்பது வேறொரு வினா. முன்னதன் விடையைப் பின்னதற்கு விடையாகக் கொள்வோர், தம்மையும் தீயணைக்க வருவோரையும் ஒருங்கே ஏமாற்றுகின்றனர்.

இவ்வாராய்ச்சி இலங்கைக்கும் உரியதே. 2010களில் யப்பானிலிருந்து பெருந்தொகையாக இறக்குமதியான கலப்பு ஊர்திகள் இன்று வயது முதிர்ந்து ஓடுகின்றன. பின்னிருக்கையருகே உள்ள காற்றுத்துளையைப் பொதிகளால் மூடாது வைத்தல், மின்கலவடுக்கைக் குளிர்விக்கும் விசிறியின் வடியைத் தூய்மை செய்தல், செம்மஞ்சள் நிற உயரழுத்தக் கம்பிகளை உரிய பயிற்சியில்லாதார் தொடாதிருத்தல், எரிபொருட் குழாயின் கசிவைப் புறக்கணியாமை ஆகியவை சிறிய செயல்களே. எனினும், வதந்திகளைப் பகிர்வதிலும் இவை பயன் மிக்கவை.

வீஸ்லொக் மருந்துக் கடையிலே பெற்றோல் வாங்கப்பட்ட நாள்முதல் இன்றுவரை, ஊர்தியானது நெருப்பைத் தன்னுள்ளே சுமந்தே ஓடி வருகின்றது. எரிபொருள் மாறினும் அச்சுமை மாறவில்லை. பழைய தீயைப் பழகியமையால் மறத்தலும், புதிய தீயைப் புதிதென்பதால் மிகைப்படுத்தலும் ஒரே அறியாமையின் இரு முகங்களாம். குறை மறைக்கப்பட்ட இடத்தில் உயிர்கள் மாண்டன; குறை வெளிப்படுத்தப்பட்டுத் திருத்தப்பட்ட இடத்தில் உயிர்கள் தப்பின. பெற்றோலின் வரலாறும் மின்கலத்தின் வரலாறும் ஒருங்கே உணர்த்தும் உண்மை இதுவேயாம்.