கென்னத், அலைவரிசை என்ன?

சில பாடல்களின் தலைப்பைக் கேட்டதுமே "என்னய்யா உளறல் இது?" என்று தோன்றும். ஆர்.இ.எம். என்ற அமெரிக்க ராக் குழு 1994-ல் வெளியிட்ட "வாட்ஸ் த ஃப்ரீக்வென்சி, கென்னத்?" அந்த ரகம். தமிழில் சொன்னால், "கென்னத், அலைவரிசை என்ன?" பாடப்புத்தகத்தில் ஃப்ரீக்வென்சிக்கு அதிர்வெண் என்று போட்டிருப்பார்கள். ஆனால் ரேடியோப் பெட்டியின் குமிழைத் திருகி ஸ்டேஷன் பிடித்தவர்களுக்கு வாயில் வருவது அலைவரிசைதான். இந்தக் கதைக்கும் அதுதான் பொருத்தம். ஏன் என்று கடைசியில் புரியும்.

குழுவில் நாலு பேர். மைக்கேல் ஸ்டைப், பீட்டர் பக், மைக் மில்ஸ், பில் பெர்ரி. கென்னத் என்று யாரும் கிடையாது. நானும் ரொம்ப நாள் இதை சும்மா ஒரு வேடிக்கைத் தலைப்பு என்றுதான் நினைத்திருந்தேன். ராக் குழுக்கள் இப்படி ஏதாவது வைப்பது வழக்கம்தானே? பிறகு தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இது யாரும் உட்கார்ந்து யோசித்த வரி இல்லை. நிஜமாகவே ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் கேட்ட கேள்வி. அடித்துக்கொண்டே கேட்ட கேள்வி.

பார்க் அவென்யூவில் ஓர் இரவு

1986 அக்டோபர் 4. நியூயார்க், மன்ஹாட்டன். டான் ராதர் இரவில் பார்க் அவென்யூ வழியாக வீட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருக்கிறார். ராதர் யார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அப்போது அமெரிக்காவில் மூன்று பெரிய டிவி நிறுவனங்கள்: சிபிஎஸ், என்பிசி, ஏபிசி. அதில் சிபிஎஸ்-ஸின் மாலைச் செய்தியை வாசிப்பவர் ராதர். 1981-ல் வால்டர் கிராங்கைட் ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலிக்கு வந்தவர். நாட்டில் எந்த வீட்டில் கேட்டாலும் தெரிந்த முகம்.

அவரை நன்றாக உடை உடுத்திய ஆசாமி ஒருவர் வழிமறிக்கிறார். "கென்னத், அலைவரிசை என்ன?" என்று கேட்கிறார். "நீங்கள் யாரையோ நினைத்துக்கொண்டு பேசுகிறீர்கள்" என்கிற மாதிரி ராதர் ஏதோ சொல்ல, முகத்தில் குத்து விழுகிறது. ராதர் பக்கத்துக் கட்டடத்துக்குள் ஓடுகிறார். அந்த ஆள் துரத்திக்கொண்டு உள்ளே வந்து, கீழே விழுந்தவரை உதைக்கிறார். கேள்வியை மட்டும் விடவில்லை. திரும்பத் திரும்ப அதையேதான் கேட்டிருக்கிறார். கட்டடத்து ஆட்கள் ஓடி வந்ததும் தப்பிப் போய்விட்டார். பணம், பர்ஸ் எதையும் எடுக்கவில்லை.

போலீஸுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆள் அகப்படவில்லை. காரணமும் தெரியவில்லை. "எனக்கே புரியவில்லை" என்பதுதான் ராதரின் பதிலாக இருந்தது.

சிரிப்பு

அடுத்து நடந்ததுதான் எனக்கு உறுத்தல். அடி வாங்கினது ராதர். ஆனால் ஊர் அவர் மேலேயே சந்தேகப்பட்டது.

அதற்கும் ஒரு பின்னணி உண்டு. ராதர் கொஞ்சம் விசித்திரமான மனிதர் என்ற பேச்சு ஏற்கெனவே இருந்தது. சம்பவத்துக்கு ஒரு மாதம் முன்புதான், செய்தி முடிகிற இடத்தில் "துணிவு" என்ற ஒற்றைச் சொல்லைச் சொல்லி விடைபெறத் தொடங்கினார். "இது என்ன புதுசா?" என்று ஊரே கேலி செய்ததில், ஒரு வாரத்துக்குள் நிறுத்திக்கொண்டார். அப்பேர்ப்பட்டவர் வந்து "ஒருத்தர் என்னை அடித்து அலைவரிசை கேட்டார்" என்றால் யார் நம்புவார்கள்? கதை கட்டுகிறாரோ, எதையாவது மறைக்கிறாரோ, உளவு வேலை ஏதாவது இருக்குமோ என்று ஆளுக்கொரு ஊகம்.

அந்தக் கேள்வியோ அதற்குள் ஒரு ஜோக் ஆகிவிட்டது. அர்த்தமே இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டுமா? "கென்னத், அலைவரிசை என்ன?" போதும். 1987-லேயே கேம் தியரி என்ற கலிஃபோர்னியக் குழு தன் "லோலிட்டா நேஷன்" ஆல்பத்தின் முதல் துண்டுக்கு இந்தப் பெயரை வைத்துவிட்டது. அந்த ஆல்பத்தின் தயாரிப்பாளர் மிட்ச் ஈஸ்டர். ஆர்.இ.எம்.-இன் முதல் ஆல்பமான "மர்மர்" (1983) தயாரித்த இருவரில் ஒருவரும் அவரே. ராக் உலகம் ரொம்பச் சின்னது!

ஆர்.இ.எம். கையில்

ஆர்.இ.எம். 1980-ல் ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் என்ற கல்லூரி ஊரில் தொடங்கிய குழு. பெரிய கம்பெனிகள் கண்டுகொள்ளாத, கல்லூரி ரேடியோக்களில் மட்டும் ஓடிய இசைக்கு "ஆல்டர்நேட்டிவ்" என்று பெயர் விழுந்ததே இப்படிப்பட்ட குழுக்களால்தான். 1991, 1992-ல் வந்த "அவுட் ஆஃப் டைம்", "ஆட்டோமேட்டிக் ஃபார் த பீப்பிள்" இரண்டும் மாண்டலின், வயலின் என்று மென்மையாகப் போன ஆல்பங்கள். உலகம் முழுக்க விற்றன. அதற்குப் பிறகு, "போதும் இந்த அமைதி, கிடாரை அலற விடுவோம்" என்று அவர்கள் செய்த ஆல்பம் "மான்ஸ்டர்". அதன் முதல் பாட்டுதான் நம்ம கென்னத்.

பாட்டு என்ன சொல்கிறது? ராதரைப் பற்றி நேரடியாக ஒன்றும் இல்லை. ஸ்டைப் பிற்பாடு விளக்கியபடி, வயதில் மூத்த ஒருவர் இளைய தலைமுறையைப் புரிந்துகொள்ள அரும்பாடு படுகிறார். அவர்கள் பார்ப்பதைப் பார்க்கிறார், படிப்பதைப் படிக்கிறார், கடைசியில் ஒன்றும் புரியாமலே நிற்கிறார். இவர் ஓர் அலைவரிசையில், அவர்கள் வேறோர் அலைவரிசையில். அதற்கு இந்தத் தலைப்பு கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

பீட்டர் பக் சொன்ன ஒரு விஷயமும் உண்டு. பாட்டின் கடைசிப் பகுதியைக் கவனித்துக் கேட்டால் வேகம் கொஞ்சம் குறைவது தெரியும். ஏதோ கலை நயம் என்று நினைப்போம். அதெல்லாம் இல்லை. பதிவின்போது பேஸ் வாசித்த மைக் மில்ஸுக்கு வயிற்றில் சரியான வலி. அவர் வேகம் குறைய, என்ன விஷயம் என்று தெரியாமல் மற்றவர்களும் அவரோடு குறைத்துவிட்டார்கள். பார்த்தால் அப்பெண்டிசைட்டிஸ். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாகிவிட்டது. பிறகு அதைத் திரும்பப் பதிவு செய்யவே இல்லை. ஒரு மனிதரின் வலி, பாட்டுக்குள் அழகாக உட்கார்ந்துவிட்டது. கேட்பவர்களுக்கு அது வலி என்றே தெரியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டு ஹிட். பில்போர்டின் மாடர்ன் ராக் பட்டியலில் நுழையும்போதே முதலிடத்தில் நுழைந்த முதல் பாட்டு இது. பிரிட்டனில் 9-ஆம் இடம், அமெரிக்கப் பொதுப் பட்டியலில் 21. ராதரும் கோபித்துக்கொள்ளவில்லை. 1995-ல் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் கச்சேரிக்கு முந்தைய ஒத்திகையில் குழுவோடு சேர்ந்து அதே பாட்டைப் பாடினார்! சுருதி சேரவில்லைதான். அந்தக் காட்சி டேவிட் லெட்டர்மேன் நிகழ்ச்சியில் ஒளிபரப்பானது. தன்னை அடித்த கேள்வியைத் தானே பாடிச் சிரித்தார். சுபம் போட்டுவிடலாம் போலத் தோன்றுகிறது, இல்லையா?

ஒரே வாரம்

இங்கேதான் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பாட்டு வெளிவந்தது 1994 செப்டம்பர் முதல் வாரம்.

1994 ஆகஸ்ட் 31. அதே மன்ஹாட்டன். என்பிசி-யின் "டுடே" நிகழ்ச்சி ஸ்டூடியோ வாசலில் வில்லியம் டேகர் என்பவர் துப்பாக்கியோடு வருகிறார். உள்ளே போக முயல்கிறார். தடுத்த மேடைப் பணியாளர் ஒருவரைச் சுட்டுக் கொன்றுவிடுகிறார். பிடிபட்டதும் அவர் சொன்ன காரணம்: டிவி நிறுவனங்கள் பல வருஷமாகத் தன்னை உளவு பார்க்கின்றன, தன் மூளைக்குள் அலைகளை அனுப்புகின்றன.

அப்போது யாரும் இதையும் 1986-ஐயும் சேர்த்துப் பார்க்கவில்லை. டேகர் ஜெயிலில். பாட்டு ரேடியோவில். ராதர் லெட்டர்மேன் ஷோவில்.

முடிச்சை அவிழ்த்தவர் பார்க் டீட்ஸ் என்ற மனநல மருத்துவர். ஜனாதிபதி ரீகனைச் சுட்ட ஜான் ஹிங்க்லியின் வழக்கில் சாட்சி சொன்ன அதே டீட்ஸ். டேகரைப் பரிசோதித்தபோது, ராதரை அடித்ததும் அவரே என்பது பேச்சில் வெளிவந்தது. 1997 ஜனவரியில் நியூயார்க் டெய்லி நியூஸ் அந்தச் செய்தியைப் போட்டது. போட்டோவைப் பார்த்த ராதர், இவர்தான், சந்தேகமே இல்லை என்றார். பத்து வருஷம் கடந்துவிட்டதால் அந்த அடிதடிக்குச் சட்டப்படி வழக்குப் போடவும் வழியில்லை.

டீட்ஸிடம் டேகர் சொன்ன கதைப்படி, அவர் 2265-ஆம் ஆண்டிலிருந்து, இன்னொரு உலகத்திலிருந்து அனுப்பப்பட்டவர். அந்த உலகத்துத் துணை அதிபரின் பெயர் கென்னத். ராதர் அவர் ஜாடை. தலைக்குள் வரும் அலைகளை நிறுத்த வேண்டுமென்றால், அவை எந்த அலைவரிசையில் வருகின்றன என்று தெரிய வேண்டும். அதைத்தான் கேட்டார்.

அவ்வளவுதான் மர்மம். அந்தக் கேள்வியில் உளறல் ஒன்றும் இல்லை. கேட்டவருக்கு அது முழுக்க முழுக்க அர்த்தமுள்ள, அவசரமான கேள்வி. தலைக்குள் ஓயாமல் சத்தம் கேட்கும் ஒருவர், அதை நிறுத்தும் குமிழ் எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்.

மர்மம்தான் வேணும்

விடை கிடைத்த பிறகாவது பேச்சு அடங்கியிருக்க வேண்டும். 2001-இல் ஹார்ப்பர்ஸ் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. டொனால்ட் பார்த்தெல்மே என்ற எழுத்தாளரின் கதைகளில் இந்தக் கேள்வியைப் போன்ற வரியும், கென்னத் என்ற பெயரும் வருகின்றன, ராதரும் அவரும் ஹூஸ்டனில் இருந்தவர்கள், ஆகவே... என்று போகும். படிக்க சுவாரசியம்தான். ஆனால் நாலு வருஷம் முன்பே ஆள் யார் என்று தெரிந்துவிட்டதே! தெரிந்தாலும் நமக்குப் பிடிப்பது இலக்கியச் சதிதான். மனநோய் என்ற விடை ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது, சப்பென்று இருக்கிறது.

ஸ்டைப் அந்தத் தாக்குதலை, இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் தீராத சர்ரியலிசச் செயல் என்கிற மாதிரி வர்ணித்திருந்தார். அவரைக் குறை சொல்லவில்லை. 1994-ல் யாருக்கும் எதுவும் தெரியாது. பாட்டும் நல்ல பாட்டு, இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அன்றைக்கே ராதர் சொன்னதை நம்பி, அந்தக் கேள்வியை ஒரு நோயாளியின் கேள்வியாக எடுத்துத் தேடியிருந்தால் டேகர் அகப்பட்டிருப்பார், அந்தப் பணியாளர் வீடு திரும்பியிருப்பார் என்றெல்லாம் சொல்லவும் மாட்டேன். வரலாற்றில் "இப்படி நடந்திருந்தால்" என்பதற்குப் பதில் கிடையாது.

ஒன்று மட்டும் தேதிகளில் அப்படியே இருக்கிறது. எட்டு வருஷம் ஒரு நாடு இந்தக் கேள்வியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அந்த எட்டு வருஷமும் கேட்டவருக்கு அந்த அலைகள் நிற்கவில்லை. கடைசியில், ஒரு சாதாரணத் தொழிலாளி உயிரை விட்ட சில நாளில், அதே கேள்வி ரேடியோவில் பாட்டாக ஒலித்தது. பாட்டு போட்ட ஸ்டேஷனுக்கும் தெரியாது, பாடினவருக்கும் தெரியாது.

டேகர் 2010-இல் விடுதலையானார். ராதருக்கு இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது. ஆர்.இ.எம். 2011-இல் கலைந்துவிட்டது.

அடுத்த முறை இந்தப் பாட்டைக் கேட்டால், கடைசியில் வேகம் குறையும் இடத்தைக் கவனியுங்கள். அங்கே ஒருவருக்கு வயிறு வலித்துக்கொண்டிருக்கிறது. அது தெரியாமலே கூட இருந்தவர்கள் அவரோடு சேர்ந்து மெதுவாக வாசித்தார்கள். தலைப்பில் இருந்த வலிக்கு அந்த அளவுக்குக்கூடத் துணை கிடைக்கவில்லை.