ஷேக்ஸ்பியரைச் சுமந்து திரிந்தவர்: ஜெஃப்ரி கெண்டல்

வடநாட்டில் குடியேறி வாழும் நமக்கு 'வாலா' என்னும் சொல்லை எவரும் விளக்க வேண்டியதில்லை. காலையில் கதவைத் தட்டுபவர் தூத்வாலா. அவரைத் தொடர்ந்து தெருவில் கூவி வருபவர் சப்ஜிவாலா. இவ்வரிசையில் ஷேக்ஸ்பியரையும் ஒரு சரக்காகச் சுமந்து, ஊர் ஊராகச் சென்று வழங்கிய ஓர் ஆங்கிலேயர் இந்நாட்டில் வாழ்ந்தார். அவரே ஜெஃப்ரி கெண்டல். 1965ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஷேக்ஸ்பியர் வாலா' என்னும் திரைப்படம் அவர் பெயரை உலகறியச் செய்தது. ஆயினும், தம் வாழ்வை அப்படம் தோல்விக் கதையாகக் காட்டியதை அவர் ஏற்கவில்லை. படம் சொன்னது உண்மையா, மனிதர் சொன்னது உண்மையா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயர் தந்த ஊர்

ஜெஃப்ரி கெண்டல் 1909ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள வெஸ்ட்மர்லாந்து மாவட்டத்தில், கெண்டல் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய குடும்பப் பெயர் பிராக் என்பது. மேடைக்கு வந்தபோது அதனை விடுத்துப் பிறந்த ஊரின் பெயரையே தம் பெயராக ஏற்றுக் கொண்டார். ஊர்ப் பெயரைத் தம் பெயரோடு இணைத்துக் கொள்வது தமிழர்க்குப் புதிய வழக்கன்று. ஊரை விட்டு நெடுந்தொலைவு செல்ல நேர்பவர்க்கு அப்பெயர் ஒரு பிடிப்பாகவும் அமைகின்றது. கெண்டலின் வாழ்க்கையிலும் அவ்வாறே அமைந்தது.

ஓரிடத்தில் நிலைத்து நடிப்பதினும் ஊர் ஊராகச் சென்று நடிப்பதையே அவர் உள்ளம் நாடியது. தலைமை நடிகரே குழுவின் உரிமையாளராகவும் இயக்குநராகவும் விளங்கிய பழைய மரபு ஒன்று இங்கிலாந்தில் இருந்தது. அது அங்கு மங்கிக் கொண்டிருந்த காலத்தில் கெண்டல் அதனைப் பற்றிக் கொண்டார். அவருடைய துணைவியார் லாரா லிடெல் அம்மையாரும் தேர்ந்த நடிகையே. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் படைவீரர்க்கு நாடகம் நடத்தும் அமைப்பின் வழியாக இந்தியாவைக் கண்ட கெண்டல், 1947ஆம் ஆண்டில் தம் சொந்தக் குழுவுடன் மீண்டும் இங்கு வந்தார். 'ஷேக்ஸ்பியரானா' என்பது அக்குழுவின் பெயர்.

ஆங்கிலேய ஆட்சி விடைபெற்ற அதே ஆண்டில் ஆங்கில நாடகக் குழு ஒன்று வந்து இறங்கியது என்பதை நாம் கருதிப் பார்க்க வேண்டும். அதிகாரிகளும் படையினரும் கப்பலேறிக் கொண்டிருந்தபோது இக்குடும்பம் எதிர்த்திசையில் பயணம் செய்தது.

அரண்மனையும் பள்ளிக்கூடமும்

ஷேக்ஸ்பியர் இந்தியாவுக்கு அதற்கு முன்பே வந்துவிட்டார். தமிழில் பம்மல் சம்பந்த முதலியார் 'ஹாம்லெட்'டை 'அமலாதித்தன்' என்றும், 'வெனிஸ் நகர வணிக'னை 'வாணீபுர வணிகன்' என்றும் நம் மேடைக்கேற்ப ஆக்கித் தந்திருந்தார். கெண்டலின் வழி வேறு. மூல நாடகத்தை மூல மொழியிலேயே, பெருநகரக் கொட்டகையோடு நில்லாமல், எளிதில் சென்றடைய முடியாத ஊர்களுக்கும் கொண்டு சென்றார் அவர்.

ஒருநாள் மன்னர் ஒருவரின் அரண்மனை. மற்றொரு நாள் சிற்றூர்ப் பள்ளியின் கூடம். இரயிலேறி, உடைப்பெட்டிகளையும் திரைச்சீலைகளையும் இறக்கி, கிடைத்த இடத்தையே மேடையாக்கி நடித்துவிட்டு, மீண்டும் மூட்டை கட்டுவதே அக்குழுவின் வாழ்க்கைமுறை. சிறிய குழுவாகையால் ஒருவரே பல வேடங்களைத் தாங்க வேண்டியிருந்தது. மூத்த மகள் ஜெனிஃபர் இளமையிலேயே முதன்மைப் பாத்திரங்களை ஏற்றார். 1946இல் பிறந்த இளைய மகள் ஃபெலிசிட்டி, ஒன்பது திங்கள் குழந்தையாக இருக்கும்போதே 'நடுவேனிற் கனவு' நாடகத்தில் மேடைக்குத் தூக்கிச் செல்லப்பட்டார். மாற்றல் ஆணை வந்ததும் பாத்திரம் பண்டங்களைக் கட்டிக் கொண்டு, பிள்ளைகளின் பள்ளியையும் மாற்றிப் புறப்படும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. இக்குடும்பத்துக்கோ நிலையான ஊர் என ஒன்று இல்லை. பிள்ளைகளுக்கு நாடகமே இல்லமாயிற்று.

கல்கத்தாவில் கிடைத்த மாணவர்

கெண்டல் தம்பதியர் கல்கத்தாவில் மாணவர் சிலர் நடித்த 'மூன்றாம் ரிச்சர்ட்' நாடகத்தைக் கண்டனர். அதில் ரிச்சர்டாக நடித்த இளைஞரின் ஆற்றல் அவர்களைக் கவர்ந்தது. உடனே தம் குழுவில் சேர்த்துக் கொண்டனர். அவ்விளைஞரே பிற்காலத்தில் வங்க நாடக உலகின் பெருந்தூணாக விளங்கிய உத்பல் தத். 1947ஐ அடுத்த ஆண்டுகளிலும், பின்னர் 1953-54இலும் அவர் ஷேக்ஸ்பியரானாவுடன் சுற்றுப்பயணம் செய்தார். ஒதெல்லோவாக நடித்துப் பாராட்டும் பெற்றார். கெண்டலைத் தம் குருவாகவே அவர் போற்றி வந்தார்.

குருவிடம் பெற்றதை மாணவர் எவ்வாறு பயன்படுத்தினார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. ஆங்கிலத்தில் நடிப்பதோடு நின்றுவிட்டால் தம் மக்களைச் சென்றடைய இயலாது என்பதை உணர்ந்த தத், வங்க மொழிக்குத் திரும்பினார். அவருடைய குழு ஷேக்ஸ்பியரை வங்க மொழியில் சிற்றூர்களுக்குக் கொண்டு சென்றது. பின்னர் ஜாத்ரா என்னும் நாட்டுப்புறக் கூத்தையும் அவர் கையாண்டார். மொழி மாறிற்று, மக்களை நாடிச் செல்லும் பண்பு மாறவில்லை.

திரைப்படம் சொன்ன கதை

அமெரிக்கரான ஜேம்ஸ் ஐவரி இயக்க, ரூத் பிராவர் ஜாப்வாலா எழுத, இஸ்மாயில் மெர்ச்சன்ட் தயாரிக்க, சத்யஜித் ராய் இசையமைக்க உருவானது 'ஷேக்ஸ்பியர் வாலா'. கெண்டலும் லாராவும் 'பக்கிங்ஹாம்' என்னும் கற்பனைப் பெயருடைய நாடகத் தம்பதியராக நடித்தனர். ஃபெலிசிட்டி அவர்தம் மகளாகத் தோன்றினார். அம்மகள்மீது காதல் கொள்ளும் இந்திய இளைஞராக நடித்தவர் சசி கபூர். உத்பல் தத் ஒரு மகாராஜாவாக வந்தார். திரைப்பட நடிகை ஒருத்தியாக நடித்த மாதுர் ஜாஃப்ரி, பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான பரிசைப் பெற்றார்.

படத்தில் நாடகக் குழு தேய்கின்றது. ஆதரித்த மன்னர்கள் செல்வாக்கு இழக்கின்றனர். மக்கள் ஷேக்ஸ்பியரை விட்டுப் பம்பாய்த் திரைப்படத்தின் பின் செல்கின்றனர். இறுதியில் மகள், தான் கண்டறியாத இங்கிலாந்துக்குக் கப்பலேறுகின்றாள். ஆங்கிலேய ஆட்சியின் அந்திப்பொழுதைக் காட்டும் உருவகமாகவே அந்நாடகக் குழு அப்படத்தில் அமைந்தது. அழகிய படம் அது என்பதில் ஐயமில்லை.

எது உண்மை?

படம் கூறியவற்றுள் ஒரு பகுதி உண்மையே. மன்னர்களின் காலம் முடிந்து கொண்டிருந்தது. 1971இல் அவர்கள் பெற்றுவந்த மானியமும் நிறுத்தப்பட்டது. திரைப்படத்தின் வளர்ச்சியையும் எவரும் மறுக்க இயலாது. ஆனால் கெண்டலின் நினைவில் நின்ற இந்தியா வேறு. நிறைந்த பள்ளிக் கூடங்களும், பாடநூலில் படித்த நாடகத்தை முதன்முறையாக உயிரோடு கண்ட மாணவர்களின் ஆரவாரமுமே அவர் கண்டவை. 1986இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றுக்கு அவர் 'ஷேக்ஸ்பியர் வாலா' என்றே பெயரிட்டார். படத்தின் கதையை மறுத்தவர், அது தந்த பெயரை மட்டும் ஏற்றுக் கொண்டார்.

நம் எண்ணத்தில், இருவர் கூற்றும் வேறுபடுவதற்குக் காரணம் இருவர் நோக்கிய இடம் வேறு என்பதேயாகும். படம் அரண்மனையை நோக்கிற்று. அங்கே இருள் சூழ்ந்து கொண்டிருந்தது. கெண்டல் பள்ளியை நோக்கினார். அங்கே புதிய தலைமுறை அமர்ந்திருந்தது. ஒரு கலையின் வாழ்வை அளக்க வேண்டுமாயின், அதனைப் பெற்றுக் கொண்டவர் பின்னர் என்ன செய்தனர் என்பதையே நாம் பார்த்தல் வேண்டும்.

விட்டுச் சென்றவை

அவ்வாறு பார்க்குமிடத்து உத்பல் தத் முதற் சான்றாவார். அடுத்த சான்று கெண்டலின் இல்லத்திலேயே உள்ளது. பிருத்விராஜ் கபூரும் தம் 'பிருத்வி தியேட்டர்ஸ்' குழுவுடன் இந்தி நாடகங்களை நாடெங்கும் நடத்தி வந்தார். அவருடைய மகன் சசி கபூர் 1956இல் கல்கத்தாவில் ஜெனிஃபரைச் சந்தித்தார், ஷேக்ஸ்பியரானாவிலும் நடித்தார். 1958இல் இருவரும் மணந்தனர். ஊர் சுற்றிய இரு நாடகக் குடும்பங்கள் இவ்வாறு ஒன்றாயின. 1978இல் இவ்விருவரும் பம்பாயின் ஜுஹுப் பகுதியில் பிருத்வி அரங்கை நிறுவினர். நிலையான கூரையின்றி நடித்த இரு தந்தையரின் பிள்ளைகள் பிறர் நடிப்பதற்கென ஒரு கூரையை அமைத்தனர். இந்தி, ஆங்கிலம் எனப் பல மொழி நாடகங்கள் அங்கு மேடையேறி வந்துள்ளன.

1981இல் அபர்ணா சென் இயக்கிய '36 சௌரங்கி லேன்' படத்தில், கல்கத்தாவில் ஷேக்ஸ்பியர் கற்பிக்கும் முதிய ஆங்கிலோ-இந்திய ஆசிரியையாக ஜெனிஃபர் நடித்தார். அவ்வாசிரியையின் நோயுற்ற அண்ணனாக நடித்தவர் ஜெஃப்ரி கெண்டல். தந்தையும் மகளும் உடன்பிறந்தாராகத் தோன்றிய அப்படத்திற்குப்பின் மூன்றே ஆண்டுகளில், 1984இல், ஜெனிஃபர் புற்றுநோயால் மறைந்தார். ஃபெலிசிட்டியோ இங்கிலாந்து சென்று, 1975 முதல் 1978 வரை ஒளிபரப்பான 'தி குட் லைஃப்' தொலைக்காட்சித் தொடரால் பெரும் புகழ் எய்தினார். லாரா அம்மையார் 1992இலும், ஜெஃப்ரி கெண்டல் 1998இலும் காலமாயினர்.

கெண்டலின் வரலாறு பிறமொழி நிலத்தில் வாழும் நமக்குச் சில செய்திகளை உணர்த்துகின்றது. அவர் தம் மொழியை ஒருநாளும் கைவிடவில்லை. அதே வேளையில் அதனைத் தம் இனத்தாருக்கு மட்டும் உரிய பொருளாகப் பூட்டி வைக்கவும் இல்லை. கல்கத்தா மாணவரை மேடையில் ஏற்றினார். பஞ்சாபியர் குடும்பத்து இளைஞர் அவருக்கு மருமகன் ஆனார். அயலார் கையில் கொடுத்தது அயலார் மொழியில் மறுபிறவி எடுத்தது. நாமும் ஆண்டுதோறும் சங்க மேடையில் நாடகம் நடத்துகின்றோம். முன்வரிசையில் அமர்வோர் யார் என்று எண்ணிப் பார்க்கின்றோம். பின்வரிசையில், மொழி பாதி புரிந்தும் பாதி புரியாமலும், கண் இமைக்காது பார்த்துக் கொண்டிருக்கும் சிறுவரையும், அவர்கள் அழைத்து வந்த பக்கத்து வீட்டு நண்பரையும் இனி எண்ணிப் பார்ப்போமாக. கெண்டல் தம் வாழ்நாளெல்லாம் நடித்தது அவ்வரிசையில் அமர்ந்தோருக்காகவே.