புகைமூட்டத்தை அழித்த படம்



ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, தன் ஊர் வரலாற்றுத் திரட்டேட்டில் ஒட்டுவதற்காகப் பழைய நிழற்படம் ஒன்றை என்னிடம் கொண்டு வந்தாள். கிள்ளான் துறைமுகத்திற்கு அருகிலுள்ள அடுக்குமாடி வீடொன்றின் ஐந்தாம் மாடியிலிருந்து அவளுடைய தந்தை எடுத்த படம் அது. மூலையில் செம்மஞ்சள் நிற எண்களில் 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 11 என்று பதிந்திருந்தது. முன்னால் ஒரு கைப்பிடிச் சுவர். அதற்கப்பால் வெளிறிய சாம்பல் நிறம். அதனுள்ளே கூரைகளின் மங்கிய கோடுகள். "தெளிவாக்கித் தாருங்கள், ஐயா" என்று கேட்டாள்.

படத்தை வருடியில் வைத்துக் கணினிக்குள் கொண்டு வந்தேன். அரை மணி நேரத்தில் கூரைகள் சிவந்தன, மரங்கள் பச்சையாயின, தொலைவிலிருந்த பாரந்தூக்கிகள் இரண்டு தலைகாட்டின. மாணவிக்கு மகிழ்ச்சி. எனக்குச் சற்றுப் பெருமை. மறுநாள் அவளை அழைத்துச் செல்ல வந்த தந்தை அதை நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "படம் நல்லாத்தான் இருக்கு, ஐயா. ஆனா, இது அந்த நாள் இல்லையே. அன்னைக்கு எங்கம்மாவுக்கு மூச்சு முட்டிப்போச்சு. கிளினிக்குக்குக் கூட்டிக்கிட்டுப் போறதுக்கு முன்னாலதான் இதை எடுத்தேன். எதிர் வீடே தெரியலேன்னு காட்டத்தானே எடுத்தேன்!"

வரலாறு கற்பிக்கும் எனக்கு அந்தச் சொல் பெரும் பாடமாக அமைந்தது. மங்கலைப் போக்கும் கலைக்கும் ஒரு வரலாறு உண்டு. மங்கலுக்கும் ஒரு வரலாறு உண்டு. இரண்டையும் அறிந்தால்தான் எதை நீக்கலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்பது விளங்கும்.

மங்கல் எப்படி உண்டாகிறது?

தொலைவிலுள்ள பொருளிலிருந்து வரும் ஒளி, வழியிலுள்ள நுண்துகள்களில் பட்டுச் சிதறி ஓரளவு குறைந்துவிடுகிறது. அதே துகள்கள் கதிரவன் ஒளியையும் சிதறடித்து, நமக்கும் பொருளுக்கும் இடையே ஒரு வெள்ளைத் திரையை விரிக்கின்றன. ஆக, இழப்பும் சேர்க்கையும் ஒருங்கே நிகழ்கின்றன. பொருள் தொலைவாக இருக்கும் அளவுக்குத் திரையும் தடிக்கிறது. இந்த உறவை 1924இல் கணித வடிவில் எழுதியவர் ஜெர்மானிய அறிஞர் கோஷ்மீடர். தொலைவு கூடக்கூட மலைகள் வெளிறி நீலமாகின்றன என்பதை அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஓவியர் லியொனார்டோ டா வின்சி குறித்து வைத்திருந்தார்.

தகடு முதல் வடிகட்டி வரை

19ஆம் நூற்றாண்டின் நிழற்படத் தகடுகள் நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே நன்கு உணர்ந்தன. மலைப்பகுதியின் மெல்லிய மூடலோ நீல ஒளியையே மிகுதியாகச் சிதறடிப்பது. ஆகவே கண் கண்டதைவிடப் படம் மங்கலாக விழுந்தது. வானமும் வெறும் வெள்ளையானது. பிரெஞ்சுக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே 1850களில் வானத்துக்கு ஒன்றும் கடலுக்கு ஒன்றுமாக இரு எதிர்மறைகளை இணைத்துக் கடற்காட்சிகளை உருவாக்கினார். படத்தைத் திருத்தும் வேலை கணினியோடு பிறந்ததன்று என்பதற்கு இதுவே சான்று.

1873இல் ஹெர்மன் வோகல் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர், தகட்டில் சாயம் சேர்த்தால் அது பச்சை முதலான பிற நிறங்களையும் உணரும் எனக் கண்டார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் விற்பனைக்கு வந்தன. அதன்பின் மஞ்சள், சிவப்பு வடிகட்டிகளை வில்லையின் முன் பொருத்தி நீல ஒளியைத் தடுக்க முடிந்தது. 1910இல் அமெரிக்க இயற்பியலாளர் ஆர். டபிள்யூ. வுட் அகச்சிவப்பு ஒளியில் எடுத்த இயற்கைக் காட்சிகளை வெளியிட்டார். அவற்றில் வானம் இருண்டும் இலைகள் வெண்மையாகவும் தோன்றின. 1927 ஏப்ரலில் ஆன்சல் ஆடம்ஸ், யோசெமிட்டியின் ஹாப் டோம் பாறையை முதலில் மஞ்சள் வடிகட்டியாலும் பின்னர் அடர் சிவப்பு வடிகட்டியாலும் எடுத்தார். இரண்டாவது படத்தில் வானம் ஏறக்குறையக் கருமையாக விழுந்தது. கண் பார்த்ததைவிட மனம் உணர்ந்ததையே அவர் பதிவு செய்ய விரும்பினார்.

ஆனால் இந்த வடிகட்டிகள் நம் நாட்டுப் புகைமூட்டத்தில் பெரிதும் பயன்படுவதில்லை. புகைத்துகள்கள் பருமனில் பெரியவை. நீலத்தை மட்டுமன்றி எல்லா நிறங்களையும் அவை சிதறடிக்கின்றன. சிவப்பு ஒளிக்கும் அங்கே வழியில்லை.

கணினியின் காலம்

தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் சகோதரர்கள் உருவாக்கிய ஃபோட்டோஷாப் 1990இல் வெளிவந்தது. பின்னர் வந்த கிம்ப் என்னும் மென்பொருள் இலவசம் என்பதால் பள்ளிகளுக்கு ஏற்றது. இரண்டிலும் மங்கலைக் குறைக்கும் அடிப்படை ஒன்றே. நான் செய்ததைப் படிப்படியாகத் தருகிறேன்.

1. முதலில் மூலப் படத்தை வேறு பெயரில் சேமித்துக்கொள்ள வேண்டும். மூலத்தில் கைவைக்கவே கூடாது.

2. 'லெவல்ஸ்' கருவியைத் திறந்தால் ஒரு வரைபடம் தோன்றும். 0 என்பது முழுக் கருமை. 255 என்பது முழு வெண்மை. மங்கலான படத்தில் புள்ளிகளெல்லாம் நடுவிலேயே குவிந்திருக்கும். கருமைப் பகுதி காலியாக இருக்கும். வெள்ளைத் திரை கருமையை மூடிவிட்டது என்பதே இதன் பொருள். இடப்பக்க முக்கோணத்தைக் குவியல் தொடங்கும் இடம்வரை நகர்த்தினால் கருமை மீளும்.

3. புகையில் மஞ்சள் சாயல் இருந்தால் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றையும் தனித்தனியே சரிசெய்யலாம்.

4. 'அன்ஷார்ப் மாஸ்க்' கருவியில் அளவு 20 விழுக்காடு, ஆரம் 50 புள்ளிகள், வரம்பு 0 என வைத்தால் சிறு சிறு பகுதிகளின் ஒளிவேறுபாடு கூடும். மங்கிய நகலொன்றைக் கொண்டு படத்தைக் கூர்மையாக்கும் இந்த உத்தி கணினிக்கு முன்பே இருட்டறையில் பிறந்தது.

இம்முறையில் ஒரு குறை உண்டு. திரை தொலைவில் தடித்தும் அருகில் மெலிந்தும் இருக்க, நாம் படம் முழுவதற்கும் ஒரே மருந்தைக் கொடுக்கிறோம். தொலைவு தெளியும்போது அருகிலுள்ளவை கருத்துவிடுகின்றன. 2009இல் கைமிங் ஹே, ஜியன் சன், ஷியாவ்ஓ டாங் ஆகிய மூவர் இதற்கு எளிய வழி ஒன்றைக் கண்டனர். மூட்டமில்லாத வெளிப்புறப் படத்தில், வானம் நீங்கலாக எந்தச் சிறு பகுதியை எடுத்தாலும், மூன்று நிறங்களுள் ஒன்றேனும் ஏறக்குறைய இருண்டிருக்கும் புள்ளி ஒன்று அங்கே இருக்கும். ஒரு நிழலோ பச்சை இலையோ போதும். அந்த இருள் எங்கே வெளிறியிருக்கிறதோ அங்கே திரை இருக்கிறது. எவ்வளவு வெளிறியிருக்கிறதோ அவ்வளவு தடிமன். இவ்வாறு இடத்துக்கு இடம் அளந்து நீக்கலாம். 2015இல் லைட்ரூம் மென்பொருளில் மூட்டத்தை நீக்குவதற்கென்றே தனிக் கருவி வந்தது. இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகளோ படத்தில் பதியாத விவரங்களைத் தாமே வரைந்தும் தந்துவிடுகின்றன.

மூட்டமே வரலாறாகும்போது

இனி அந்தத் தந்தையின் சொல்லுக்கு வருவோம். 1997இல் இந்தோனேசியாவின் சுமத்ரா, களிமந்தான் பகுதிகளில் காடுகளும் மட்கிய சதுப்பு நிலங்களும் எரிந்தன. நிலத்தைத் திருத்த மூட்டிய தீ, எல் நீன்யோவின் கடும் வறட்சியில் கட்டுக்கடங்காமல் பரவியது. சதுப்பு நிலத்தீ தரைக்கடியில் வாரக்கணக்கில் புகைவது. அவ்வாண்டு செப்டம்பர் 19ஆம் நாள் சரவாக்கில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 800ஐத் தாண்டியது. 300ஐத் தாண்டினாலே அபாயம் என்பதை நினைவிற்கொள்க.

அடுத்து நிகழ்ந்ததை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். 1990களின் இறுதியில் தொடங்கிச் சில ஆண்டுகள் மலேசியாவில் அந்தக் குறியீட்டு எண்கள் பொதுமக்களுக்கு வெளியிடப்படவில்லை. சுற்றுலாத் துறை பாதிக்கப்படும் என்பதே கவலை. 2005 ஆகஸ்டில் மூட்டம் கடுமையானபோதுதான் அவை மீண்டும் வெளியிடப்பட்டன. அம்மாதம் 11ஆம் நாள் கிள்ளான் துறைமுகத்திலும் கோலா சிலாங்கூரிலும் குறியீடு 500ஐத் தாண்டியதால் அவசரநிலை அறிவிக்கப்பட்டது, பள்ளிகள் மூடப்பட்டன. அதே நாளில்தான் அந்த ஐந்தாம் மாடியிலிருந்து ஒருவர் படம் எடுத்தார்.

2013 ஜூனில் சிங்கப்பூரின் மூன்று மணி நேரக் குறியீடு 401ஐத் தொட்டது. ஜொகூரின் மூவாரில் 746 பதிவாகி, மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2015இலும் 2019இலும் மூட்டத்தால் மீண்டும் பள்ளிகள் மூடப்பட்டன. எல்லை தாண்டும் புகைமூட்டம் பற்றிய ஆசியான் ஒப்பந்தம் 2002இல் கோலாலம்பூரில் கையெழுத்தானது. இந்தோனேசிய நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் அளித்தது 2014இல்.

எண்கள் மறைந்திருந்த காலத்தில் மங்கிய நிழற்படங்களும் மக்களின் மூச்சுத்திணறலுமே சாட்சிகளாக நின்றன. அந்தச் சாட்சியின் வாயை நான் அரை மணி நேரத்தில் அடைத்துவிட்டேன். கெட்ட எண்ணம் ஏதுமில்லை. அழகுபடுத்தும் ஆசை மட்டுமே. வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் அழிகிறது.

ஆசிரியரும் பெற்றோரும் செய்யத்தக்கது

மங்கலெல்லாம் சாட்சி என்று நான் சொல்லவில்லை. பழைய தாள் வெளிறியதால் வந்த மங்கல், பேருந்துக் கண்ணாடியால் வந்த மங்கல், கேமரன் மலைச் சுற்றுலாவில் குறுக்கிட்ட பனி ஆகியவற்றைத் தாராளமாக நீக்கலாம். பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கப் பழக்குவோம்: "இந்த மங்கல் படத்தின் குறையா, அந்த நாளின் உண்மையா?" விடை தெரியாவிட்டால் எடுத்தவரைக் கேட்க வேண்டும். திருத்திய படத்தைப் பயன்படுத்தினால், திருத்தப்பட்டது என்று கீழே எழுத வேண்டும். நாள், இடம், எடுத்தவர் ஆகிய விவரங்களோடு மூலப் படத்தைப் பாதுகாக்க வேண்டும்.

அந்த மாணவியின் திரட்டேட்டில் இப்போது இரண்டு படங்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மூலப் படத்தின் கீழே அவள் தன் கையால் எழுதியிருக்கிறாள்: "11.8.2005. அப்பா எடுத்தது. அன்று பாட்டிக்கு மூச்சு முட்டியது." திருத்திய படத்தின் கீழே: "புகை இல்லாமல் இருந்திருந்தால் இப்படித் தெரிந்திருக்கும். ஆசிரியர் கணினியில் செய்தது."

திரட்டேட்டிற்கு நான் முழுப் புள்ளிகள் வழங்கினேன். அந்த இரண்டாவது வரியில் எனக்கும் ஒரு திருத்தம் இருந்ததை அவள் அறியமாட்டாள்.

உங்கள் இல்லத்துப் பழைய படப்பெட்டிகளிலும் இத்தகைய மங்கிய படங்கள் இருக்கக்கூடும். அழகாக இல்லையென்று எறிந்துவிடாமல், பின்புறத்தில் நாளையும் இடத்தையும் எழுதி வையுங்கள்.